தைராய்டு குறைவும் மரக்கறி உணவும்

சென்னீர்குப்பத்திலும், அதனையடுத்த பூவிருந்தவல்லி, திருமழிசைப் பகுதிகளிலும் உள்ள அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து நமக்கு அடிக்கடி வரும் வினா ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு என்று வைத்தியர் கூறிவிட்டார்; குடும்பமோ மரக்கறி உணவினர்; கோசு ஆகாது, முள்ளங்கி ஆகாது, கம்பங்கூழ் ஆகாது என்று அண்டை அயலார் ஒவ்வொன்றாக விலக்கச் சொல்கின்றனர்; இனி எதைத்தான் உண்பது என்பதே அவ்வினா. தம் தோட்டத்தில் கோசும் கீரையும் பயிரிட்டு ஊருக்கு விற்பவர், அவற்றைத் தம் மனைவிக்குக் கொடுக்க அஞ்சும் நிலை ஏற்பட்டிருக்கிறது. இவ்வச்சத்தினால் உணவு குறைந்து, முன்னமே சோர்ந்திருக்கும் பெண்மணிகள் இரத்தசோகைக்கும் ஆளாகின்றனர். ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் அமைந்த சிறு சுரப்பி. தைராக்ஸின் என்னும் சுரப்புநீர் இதிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. உடலின் எல்லா வேலைகளும் எவ்வளவு விரைவாக நடைபெற வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இதுவே. இது குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உலர்ந்த சருமம், முடியுதிர்தல், மாதவிலக்கில் ஒழுங்கின்மை, உடல் எடை கூடுதல் முதலியன தோன்றும். இவை மெல்ல மெல்ல வருவதால், வேலை மிகுதியென்றோ வயதென்றோ எண்ணிப் பலர் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்து விடுகின்றனர்.

இக்குறைவுக்குக் காரணம் ஒன்றன்று. தைராக்ஸினை உண்டாக்க அயோடின் வேண்டும்; அது கிடைக்காவிடில் சுரப்பி வீங்கிக் கழுத்துக் கழலையாகும். 1956-இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கின் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதற்கூறிய பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று மனிதர் உண்ணுவதற்கு அயோடின் சேராத உப்பை விற்பது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

மற்றொரு காரணம் வேறு வகையானது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தவறுதலாகச் சொந்தச் சுரப்பியையே தாக்கிச் சிதைத்துவிடும். ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய வைத்தியர் 1912-இல் இதனை விவரித்ததால் இந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் இதுவே காரணமாகும். இவ்வகையில் அயோடினை மேலும் மேலும் உண்பதால் சுரப்பி சீர்ப்படாது; மிகுந்தால் கேடும் விளையும். கடற்பாசி மாத்திரைகளை வாங்கி விழுங்குவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

சிதைந்த சுரப்பிக்கு உணவினால் ஈடு செய்ய இயலாது. குறைந்த சுரப்புநீரை மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும். 1891-இல் இங்கிலாந்தில் மர்ரே என்னும் வைத்தியர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தி ஒரு மாதைக் காப்பாற்றினார். அவர் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் மருந்து விலங்கிலிருந்து வந்தது. 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் தைராக்ஸினைச் செயற்கையாகச் செய்து காட்டினர். இன்று நம் வைத்தியர்கள் எழுதித்தரும் லெவோதைராக்ஸின் இரசாயன முறையில் செய்யப்படுவதே. எனவே கொல்லாமை நோன்புடையோரும் மருந்தின் பொருட்டு மனம் வருந்த வேண்டியதில்லை.

உணவு இம்மாத்திரைக்குத் துணையாகவும் நிற்கும், தடையாகவும் நிற்கும். தடையைப் பற்றி முதலிற் கூறுகிறோம். நம் வீடுகளில் பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். விடியுமுன் எழுந்து, காப்பியோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டுத் தறியில் இறங்குகிறோம். காப்பியும் பாலும் மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை உண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் பலகாரமும் கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. சோயா உருண்டையும் இவ்வாறே. அது விலக்கப்பட்ட பண்டமன்று, மருந்து வேளையை ஒட்டி வரலாகாது, அவ்வளவே.

இம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகையால் நிறுத்தியவருக்கு உடனே தொல்லை தெரிவதில்லை. யாரோ சொன்ன கஷாயத்தைக் குடித்து மாத்திரையை நிறுத்தியவர், இரண்டு வாரம் நலமாயிருப்பதைக் கண்டு கஷாயத்தைப் போற்றுகிறார். சோர்வு திரும்பும்போது காரணம் மறந்துபோகிறது!

இனி உப்பு. மீன் உண்ணாத நமக்கு அயோடின் தரும் முக்கியப் பொருள்கள் உப்பும், பாலும், தயிருமே. கடலிலிருந்து வந்ததுதானே என்று உப்பளத்துக் கல்லுப்பை நம்புவோர் பலர். கடலுப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். இப்போது பலர் விலைகொடுத்து வாங்கும் இந்துப்பும் அயோடின் சேர்க்கப்படாவிடில் பயன்படாது. சட்டப்படி உப்பு நம் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினேனும் இருத்தல் வேண்டும். அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. அதற்காக உப்பை அள்ளிக் கொட்டுதல் கூடாது; நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேற்படலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இருக்கும் அயோடினைக் காப்பதே முறை. உப்பை ஈரமும் வெயிலும் படாமல் மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் இறுதியில் சேர்க்கலாம். கல்லுப்பைக் கழுவும் பழக்கத்தை நம் தாய்மார் கைவிடுதல் நலம். தமிழ்நாடு அரசின் உப்புக் கழகம் தயாரிக்கும் அயோடின் உப்பு நியாயவிலைக் கடைகளில் கிடைக்கிறது. விலை உயர்ந்த உப்பு வேண்டுவதில்லை.

கோசு, பூக்கோசு, முள்ளங்கி இவற்றிலுள்ள சில பொருள்கள் சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுப்பது மெய்யே. ஆனால் சமைக்கும்போது அவற்றின் வேகம் பெரிதும் தணியும். அயோடின் போதிய அளவு உண்பவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பொரியலாகவோ கூட்டாகவோ உண்பதால் தீங்கில்லை. பச்சைக் கோசை அரைத்து நாள்தோறும் குடிப்பது வேறு விஷயம். அதை நாம் பரிந்துரையோம். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, நன்கு வேகவைத்து, நீரை வடித்து உண்ண வேண்டும். கம்பைப் பற்றிய அச்சத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. சூடான் நாட்டில் அயோடின் குன்றிய டார்ஃபர் பகுதியில் கம்பையே முழு உணவாகக் கொண்டோரிடம் கழலை மிகுந்திருந்ததையும், கம்பிலுள்ள சில பொருள்கள் அதற்குத் துணைபோவதையும் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆடி மாதக் கூழும், வாரத்தில் ஓரிரு வேளைக் கம்பஞ்சோறும் அந்நிலையல்ல. அரிசி, கேழ்வரகு, கம்பு என்று மாற்றி மாற்றி உண்பவருக்குக் கவலை வேண்டாம்.

துணை நிற்கும் உணவுகளும் நம் தோட்டத்திலேயே உள்ளன. இரும்புச்சத்துக் குறைந்தால் சுரப்பியின் வேலையும் தடைப்படும். எனவே முருங்கைக்கீரையும் பயறும் உண்டு, உடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்துக்கொள்க. உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்தினால் அவ்விரும்பில் பெரும்பகுதி வீணாகும். பருப்பு, கொண்டைக்கடலை, எள், நிலக்கடலை இவை புரதமும் துத்தநாகமும் தருவன. மலச்சிக்கலுக்குக் கீரைத்தண்டும் வாழைத்தண்டும் நன்று. பி12 என்னும் ஜீவசத்து மரக்கறியில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. மாத்திரை ஒழுங்காக உண்டும் சோர்வு தீராதவர், பி12-ஐயும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவையும் சோதித்தறிவது அவசியம். தைராய்டு குறைவினால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோவே. மூவேளையும் சோறே பிரதானமாக உண்டு, நாள் முழுதும் தறியில் அமர்ந்திருப்பவர் பழியனைத்தையும் சுரப்பியின்மேற் சுமத்துதல் தகாது.

கருவுற்ற தாய்மாரின் நிலை தனியானது. அவர்களுக்கு அயோடின் தேவை நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராமாக உயர்கிறது. மாத்திரையின் அளவையும் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்ஸினையே நம்பியுள்ளது. எனவே கருவுற்றது தெரிந்தவுடனே, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல், வைத்தியரைக் காண வேண்டும். பிறந்த குழந்தைக்கும் முதல் சில நாட்களுக்குள் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கலாம்; மருத்துவமனையில் அதனைக் கேட்டுப் பெறுக.