அன்றாட வேலையும் ஆன்ம வளர்ச்சியும்



ஆன்ம வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? ஆலயம், ஜெபம், உபவாசம், தனிமை, மௌனம். இவற்றுள் ஒன்றையும் குறை கூற நான் வரவில்லை. ஆயினும், இருபத்து நான்கு மணி நேரத்தில் இவற்றிற்கு நாம் கொடுப்பது எவ்வளவு? மிகுந்த பக்தியுடையோர்க்கும் இரண்டு மணி நேரம் போதும். எஞ்சிய நேரம் முழுவதும் சோறு வடிப்பதிலும், துணி துவைப்பதிலும், பேருந்துக்குக் காத்திருப்பதிலும், பாடம் படிப்பதிலும் கழிகின்றது. அந்த நேரமெல்லாம் ஆன்மாவுக்குப் பயனற்ற நேரமா? இக்கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் என்ன விடை கூறுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேற்றுச் சமயத்தைச் சார்ந்த நண்பர்களும் இதில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இக்கேள்வியை நானாக எழுப்பிக்கொள்ளவில்லை. என்னை எழுப்பியது ஒரு குக்கர்.

நாங்கள் நால்வர் ஓர் அறையில் குடியிருக்கிறோம். சமைப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் முறை வகுத்து, சுவரில் தாள் ஒட்டியிருக்கிறோம். புதன்கிழமை இரவு பாத்திரம் என் பொறுப்பு. அதே இரவில் எனக்கு ஜெபக்கூட்டமும் இருந்தது. திரும்பி வர நேரமாகிவிடும். வந்து பார்த்தால் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். யார் செய்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

2024ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெங்களூரில் பல பகுதிகளில் தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் தெருவிலும் டேங்கர் வந்தால்தான் தண்ணீர். அத்தகைய ஒரு புதன் இரவு, கூட்டம் முடிந்து பரவசத்துடன் திரும்பினேன். வேலூரிலிருந்து வந்து படிக்கும் இளைய நண்பன் ஒருவன், அரை வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, அடிப்பிடித்த குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குத் தேர்வு. புத்தகம் திறந்தபடி தரையில் கிடந்தது.

“நீ ஏன் தம்பி இதைச் செய்கிறாய்?” என்றேன்.

“நீங்க ஜெபத்துக்குப் போறீங்களேண்ணா, அதனாலதான் ஏழு வாரமா நானே கழுவுறேன்” என்றான். சிறிது நேரம் கழித்து, சிரித்துக்கொண்டே, “அடுத்த தடவை உங்க ஜெபத்துல இந்தக் குக்கரையும் கொஞ்சம் சேத்துக்கங்க” என்றான்.

அவன் கோபித்திருந்தால் நான் ஏதேனும் சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன். அவன் கோபிக்கவில்லை. அவன் கிறிஸ்தவனும் அல்லன். அன்றிரவு எங்கள் இருவருள் ஆன்ம வளர்ச்சி பெற்றவன் யார் என்ற ஐயம் என்னைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகுதான் பழைய வரலாறுகளைத் தேடிப் படிக்கலானேன். நம் அறைச் சுவரில் ஒட்டியுள்ள முறைத்தாள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்று கண்டு வியந்தேன்! 6ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த புனித பெனடிக்ட், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் துறவி, தம் மடத்தார்க்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். துறவிகள் வாரத்திற்கு ஒருவராக முறை வைத்து அடுக்களை வேலை செய்யவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. வார முடிவில், முறை முடிப்பவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகத் திருப்பி ஒப்படைக்கவேண்டும். முறை முடிப்பவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து மற்ற அனைவருடைய பாதங்களையும் கழுவவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இவ்விருவருக்காகவும் ஆலயத்தில் ஜெபம் செய்யப்படும். மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலவே பேணவேண்டும் என்றும் அவர் விதித்தார். அவர் வழியில் வாழும் ஆசீர்வனம் என்னும் மடம் நம் பெங்களூரிலேயே, கெங்கேரிப் பக்கம் இருக்கிறது.

இரண்டாமவர் பாரிஸ் நகரத்துச் சகோதரர் லாரன்ஸ். 17ஆம் நூற்றாண்டினர். முதலில் போர்வீரர், போரில் காயமுற்றவர். பிறகு கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பணியோ சமையற்கட்டு. அவ்வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆயினும் பல ஆண்டுகள் அதையே செய்தார். பிற்காலத்தில் செருப்புத் தைக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். ஒவ்வொரு வேலையையும் இறைவன் அருகில் நிற்கிறார் என்ற நினைவோடு, அவர்மேல் வைத்த அன்பினாலேயே செய்வது என்பதுதான் அவர் கண்ட வழி. முதலில் நினைவு நழுவி நழுவிப் போயிற்றாம். நழுவும்போது வருந்தி உட்காராமல் மறுபடி தொடங்கினார். நாளடைவில், முழங்காலில் நின்று ஜெபித்த நேரத்திற்கும் அடுப்பின் முன் நின்ற நேரத்திற்கும் அவருக்கு வேற்றுமை இல்லாமற் போயிற்று. 1691இல் அவர் மறைந்த பின் அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் நூலாக வெளிவந்தன.

இவை மேல்நாட்டுச் செய்திகள். நம் மண்ணில் நடந்ததையும் கூறுகிறேன். 1895ஆம் ஆண்டு நவம்பரில் ஏமி கார்மைக்கேல் என்னும் அயர்லாந்து நாட்டு இளம்பெண் இந்தியாவுக்கு வந்து பணி தொடங்கிய இடம் இதே பெங்களூர்தான். அடுத்த ஆண்டு முடிவில் அவர் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார், தமிழ் கற்றார், தமிழ்ப் பெண்கள் சிலருடன் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். 1901 முதல், கோவில்களுக்கு நேர்ந்துவிடப்படும் அபாயத்திலிருந்த பெண்குழந்தைகள் அவரிடம் அடைக்கலம் புகுந்தனர். டோனாவூரில் அவர்களுக்கு இல்லம் அமைந்தது. கைக்குழந்தைகளும் வரத் தொடங்கியதும் ஊர் சுற்றிப் பிரசங்கிப்பது இயலாததாயிற்று.

பிரசங்கம் செய்யும் ஊழியத்தை விட்டுவிட்டுக் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருப்பது சரியா? இந்தக் கேள்வி அவரையும் வாட்டியது. யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவர் விடை கண்டார். தாம் பிடிபடப் போகும் இரவில், இயேசு பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவினார். அது அக்காலத்தில் அடிமையின் வேலை. குருவே அதைச் செய்த பிறகு, சீஷருக்கு எந்த வேலை இழிவானது?

1916இல் டோனாவூரில் ஏழு இளம்பெண்களைக் கொண்டு ஏமி அம்மையார் ஒரு சிறு குழுவை ஏற்படுத்தினார். பொதுவான எளிய வாழ்வின் சகோதரிகள் என்பது அதன் பெயரின் பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு டெவன்டர் நகரில், கெர்ட் குரோட்டே என்பவரின் தூண்டுதலால் தோன்றிய ஒரு சகோதரர் கூட்டத்திலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. அச்சகோதரர்கள் நூல்களைப் படியெடுத்து, தம் கையுழைப்பால் உண்டு, கூடி வாழ்ந்தவர்கள். டோனாவூர்ச் சகோதரிகளின் கொள்கையும் அதுவே. இது ஆவிக்குரிய வேலை, இது உலக வேலை என்று கோடு கிழிப்பதில்லை. 1951இல் மறையும் வரையில் அம்மையார் ஒருமுறையேனும் தாய்நாட்டுக்கு ஓய்வில் சென்றதில்லை. அவருடைய நினைவிடத்தில் எழுதப்பட்டிருப்பது ‘அம்மா’ என்ற ஒரு சொல்லே.

அன்றாட வேலையில் ஆன்மா எவ்வாறு வளர்கின்றது? சிந்தித்துப் பாருங்கள். பொறுமை, சாந்தம், அன்பு ஆகியவற்றை ஆவியின் கனிகள் என்று கிறிஸ்தவர் பேசுகிறோம். பொறுமையைத் தனிமையில் எவ்வாறு பயில்வது? பொறுக்கவேண்டிய ஒருவர் எதிரில் இல்லையே! ஜெபத்தில் நான் அன்பைக் கேட்கிறேன். அடிப்பிடித்த குக்கர் எதிரில் வரும்போதுதான் கேட்டது கிடைத்ததா என்பது தெரிகின்றது. விதைப்பது ஓரிடம் என்றால் விளைவது வேறிடம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வேலையே ஜெபம் என்று சொல்லி ஜெபத்தை விட்டுவிடலாகாது. லாரன்ஸும் மடத்தின் ஜெப வேளைகளைக் கைவிடவில்லை. இயேசுவும் கூட்டத்தை விட்டுத் தனித்துச் சென்று ஜெபித்தவரே. ஊற்று வற்றினால் வாய்க்காலில் நீர் ஏது?

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. வேலை புனிதமானது என்ற போதனையைப் பிறருக்குச் சொல்வது எளிது. நம் வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதைச் சொல்லி, நாம் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறோம். தெருக்கூட்டுபவருக்கு அதைச் சொல்லி, அவருக்குரிய கூலியை மறக்கிறோம். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றச் செய்வதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. அத்தகைய கொடுமையைப் புனிதம் என்று போற்றுவது பாவமேயாகும். இன்ன சாதியார்தாம் இன்ன வேலை செய்யவேண்டும் என்ற எண்ணத்துக்கு இப்போதனையில் இடமில்லை. துண்டைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டவர் குரு. அதைப் பிறர் இடுப்பில் கட்டிவிடவில்லை. 1809இல் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைந்தபோது, சமையல் செய்யவும் துணி வெளுக்கவும் கட்டடம் கட்டவும் வந்தவர்களில் தமிழர் மிகப் பலர். இந்நகரில் தமிழ் ஒலிப்பதற்கு அவர்கள் கையுழைப்பும் ஒரு காரணம். அவ்வேலையை ஏளனமாக நினைக்கும் உரிமை நமக்கு ஏது?

இனி நான் செய்து பார்ப்பதைச் சொல்லி முடிக்கிறேன். வேலையைத் தொடங்குமுன் ஒரு வரி ஜெபம். அதற்கு மேல் வேண்டுவதில்லை. யாரும் பார்க்காத பகுதியை, அதாவது பாத்திரத்தின் அடிப்புறத்தை, ஒழுங்காகத் தேய்ப்பது. வேலையின் நடுவே ஒருவர் வந்து உதவி கேட்டால், அவரைத் தொல்லையாக எண்ணாதிருப்பது. மூன்றாவதில் நான் பெரும்பாலும் தோற்கிறேன். லாரன்ஸைப் போல மறுபடி தொடங்குகிறேன்.

புதன்கிழமை இன்றும் என் முறைதான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டே ஜெபக்கூட்டத்திற்குப் புறப்படுகிறேன். அங்கே பத்து நிமிடம் தாமதமாகிறது, முதற்பாட்டு தவறிவிடுகிறது. வேலூர்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஏழு வாரக் கணக்கு இருக்குண்ணா” என்றான். அடுத்த ஏழு வாரம் அவனுடைய வெள்ளிக்கிழமை முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். கணக்குத் தீர்ந்த அன்று அவனே தேநீர் போட்டுக் கொடுத்தான்.

உங்கள் அறைச் சுவரிலும் ஒரு முறைத்தாள் இருக்கும். இன்றிரவு அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.