வண்ணத்துப்பூச்சியும் குச்சிப்பூச்சியும்

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்தபின் இரண்டு ஆறுகளுக்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கத் தீவில், மேலூரை அடுத்த மேலணைக் காப்புக்காட்டிலே, 2015-ஆம் ஆண்டு முதல் வனத்துறையினர் பராமரித்துவரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைக் காணச் செல்வோர், திருச்சி வட்டாரத்திலும் காணப்படும் ‘கிரிம்சன் ரோஸ்’ என்னும் ஜாதி, கருஞ்சிறகில் செம்புள்ளிகளும் செந்நிற உடலும் விளங்க, சத்துருக்களைப் பற்றிய அச்சமே இல்லாததுபோல் சாவதானமாகப் பறப்பதைக் கண்டால், இத்தனை பிரகாசமான பிராணியைப் பறவைகள் எங்ஙனம் விட்டுவைக்கின்றன என்று வியப்புறுவது இயல்பே.

விடை அதன் பால்யப் பருவத்தில் இருக்கிறது. ஆடுகளும் தீண்டாத ஆடுதின்னாப்பாளை போன்ற செடிகளின் இலைகளையே ஆகாரமாகக் கொண்டு வளரும் இதன் புழு, அவ்விலைகளிலுள்ள விஷத்தைத் தன் தேகத்தில் சேமித்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவாகி உருமாறிச் சிறகு முளைத்த பின்னும் அவ்விஷம் நீங்குவதில்லை. ஒருமுறை கொத்தி அதன் கெட்ட சுவையை உணர்ந்த பறவை, பின்னர் அந்நிறத்தைக் கண்டாலே விலகிச் செல்லும். இந்தப் பாதுகாப்பின் பலனை, விஷம் சிறிதுமற்ற ‘காமன் மார்மன்’ ஜாதிப் பெண்களிற் சில, அதே நிறத்தைப் பூண்டு தாமும் அனுபவிக்கின்றன.

இதற்கு நேர்மாறான மார்க்கத்தைக் கைக்கொண்டது குச்சிப்பூச்சி. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலிருந்து ஐரோப்பா சென்று, 1901-இல் விஞ்ஞானப் பெயர் பெற்று, அங்குள்ள ஆராய்ச்சிக்கூடங்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட தமிழ்நாட்டு இனத்துக்குச் சிறகே கிடையாது. பகலெல்லாம் முன்கால்களைத் தலைக்கு முன்னே நீட்டிக் காய்ந்த சுள்ளியைப் போல் அசைவற்றுக் கிடந்து, இரவிலேயே அது இலை தின்னும். ஆண்கள் மிக அரிது. புணர்ச்சியின்றியே பெண்கள் இடும் முட்டைகள் தரையில் உதிர்ந்து, உரிய காலத்தில் பெண்குஞ்சுகளாகப் பொரிகின்றன. குஞ்சு தாயின் ரூபத்திலேயே பிறந்து, பலமுறை தோலுரித்து வளர்கிறது. இழந்த காலும் தோலுரிக்கையில் மீண்டும் முளைப்பதுண்டு. புழுவாய் இலை தின்று, பின்னர்ச் சிறகுடன் தேனருந்தும் ஜீவன் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்க, ஆயுள் முழுதும் இலையே தின்னும் இந்த ஜீவனுக்குக் கூட்டுப்புழுப் பருவத்தின் அவசியம் ஏற்படவில்லை.

ஒன்று தன்னைப் பிரகடனம் செய்தும், மற்றொன்று தன்னை மறைத்தும் பிழைக்கின்றன. ஆயினும் ஆகாரம், பாதுகாப்பு ஆகிய இரண்டுக்கும் இவை செடிகொடிகளையே அண்டியிருப்பதால், அவற்றை அழித்துவிட்டுப் பூச்சிகளை மட்டும் காப்பாற்ற இயலாது. ஆதலின், பூங்காவைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் அன்பர்கள், தத்தம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் காமன் மார்மனின் புழுவைக் கண்டால் அதை நசுக்கிவிடாமல், நாலு இலைகளை அதற்கு விட்டுக்கொடுப்பார்களாக.