பிரித்தெடுக்காமல் விந்தணு இல்லை

உயிரணுவுக்குள் புரதங்களைத் துண்டாக்கும் புரோட்டியசோமைக் குப்பைத்தொட்டி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். விந்தணு உருவாகும் விதத்தைப் பார்த்தால், அந்தப் பெயர் அநியாயம். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, சுமார் 5 மைக்ரான் நீளத் தலைக்குள் அடங்கியாக வேண்டும். வழக்கமாக அந்த இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு இறுக்கம் வராது. அதனால் ஹிஸ்டோன்கள் விலக, இடைநிலைப் புரதங்களின் உதவியோடு புரோட்டமின் என்ற புரதங்கள் வந்து இழையை இறுக்குகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் பிறகு ஜக்கூர் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்திலும் பணியாற்றி 2023இல் மறைந்த எம்.ஆர்.எஸ். ராவ், எலியின் விந்தகத்தைக் கொண்டு இந்த மாற்றத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இடைநிலைப் புரதங்களில் ஒன்றான டி.பி.2 துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதும் அவருடைய ஆய்வுக்கூடம் காட்டியதுதான். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கே அது அதிகம் தெரியாதது வருத்தம்.

விலகிய ஹிஸ்டோன்கள் என்ன ஆகின்றன? பொதுவாக ஒரு புரதத்தை அழிக்க யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அதன்மேல் ஒட்டப்பட வேண்டும். இதைக் கண்டறிந்ததற்குத்தான் 2004இன் வேதியியல் நோபல் பரிசு. விந்தகத்தில் வேறொரு வழியும் உண்டு. ஏழேழு துணைப் புரதங்கள் கொண்ட நான்கு வளையங்கள் அடுக்கிய குழாய்தான் புரோட்டியசோமின் நடுப்பகுதி. வெட்டும் இடங்கள் உள்ளே இருக்கின்றன, வாய் மூடியிருக்கும். பி.ஏ.200 என்ற புரதம் அந்த வாயில் அமர்ந்து, அசிட்டைல் என்ற வேதிக்குழு ஏறிய ஹிஸ்டோன்களை யுபிக்விட்டின் இல்லாமலே அழிக்க வழிசெய்கிறது என்று 2013இல் தெரியவந்தது. டி.என்.ஏ.மீது ஹிஸ்டோனின் பிடியைத் தளர்த்துவதும் அசிட்டைல்தான், அதை அழிவுக்கு அடையாளம் காட்டுவதும் அசிட்டைல்தான்!

பி.ஏ.200 இல்லாத ஆண் எலிகளுக்கும் குட்டிகள் பிறக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் குறைவாக. பி.ஏ.28 காமா என்ற இன்னொரு உதவிப் புரதத்தையும் சேர்த்து நீக்கினால் ஆண் எலிகள் முற்றிலும் மலடாகின்றன. மனித விந்தணுவில் ஹிஸ்டோன்களில் ஒரு சிறு பங்கு எஞ்சுகிறதே என்பது அடுத்த கேள்வி. அவற்றில் ஒரு பகுதி கரு வளர்ச்சிக்கான மரபணுக்களின் அருகே தங்குவதைப் பார்த்தால், எல்லாமே தற்செயலாக விடுபட்டவை என்று கொள்ள முடியாது. வழக்கமான விந்துப் பரிசோதனையோ எண்ணிக்கை, நகர்வு, வடிவம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது; உள்ளே இழை சரியாகக் கட்டப்பட்டதா என்பதை அது சொல்லாது. அந்த ஒற்றைத் தாளைக் காட்டிக் கணவனை விடுவித்து, மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலையவிடும் குடும்பங்கள் இன்னும் ஏராளம்.