பிரமாதம் என்ற ஒரு சொல்

சென்ற மாதம் நயினார்கோவிலுக்குப் போயிருந்தேன். நாகநாத ஸ்வாமியைத் தரிசித்துவிட்டுப் பரமக்குடி பஸ்ஸுக்காகக் காத்திருந்த சமயம், உடன் வந்த என் சகோதரியின் பிள்ளை செல்பேசியில் தன் சிநேகிதனோடு பேசிக் கொண்டிருந்தான். புதிதாக வாங்கிய ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச்சு. "பிரமாதம்! நீயும் வாங்கிவிடு" என்றான்.

எனக்கு ஆச்சரியமாயிருந்தது. இரண்டு வருஷத்துப் பொங்கல் காசையும், தாத்தா கொடுத்த பணத்தையும் சேர்த்து வாங்கிய அந்த விளையாட்டை, இரண்டே மாலைகளில் அவன் ஓரங்கட்டி விட்டான் என்பது எனக்குத் தெரியும்.

"ஏனப்பா, உனக்கே பிடிக்காததைப் பிரமாதம் என்கிறாயே?" என்று கேட்டேன்.

"காசு கொடுத்துவிட்டேனே, மாமா! நன்றாயில்லை என்று சொன்னால் ஏமாந்தவன் நான்தானே?" என்றான்.

தகுதிக்கு மிஞ்சிய புகழ் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இந்த ராமநாதபுரம் சீமை முண்டு மிளகாய்க்குப் பெயர் போனது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதை வாங்க வரும் வியாபாரி மூட்டையை அவிழ்த்து, ஒரு கை அள்ளிப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறப்பான். வீடியோ விளையாட்டுச் சந்தையிலோ மூட்டையை அவிழ்க்குமுன்பே காசு கைமாறி விடுகிறது. 'முன்பதிவு' என்பது அதன் பெயர். காசு கொடுத்தவன் அந்தக் கணமே வக்கீலாகி விடுகிறான். அப்புறம் தான் வாங்கிய பொருளுக்காக வாதாடாமல் என்ன செய்வான்?

போலந்து தேசத்தில் தயாரான 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டின் கதையைப் பாருங்கள். 2012-லேயே அறிவிக்கப்பட்டு, எட்டு வருஷம் உலகத்தைக் காக்க வைத்து, 2020 டிசம்பர் 10-ந் தேதி வெளிவந்தது. அதற்குள் 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டுமே. அவர்கள் ஏராளமாக மதிப்பெண் வழங்கினார்கள். பழைய விளையாட்டுப் பெட்டிகளில் அதை ஓட்டிப் பார்த்த ஜனங்களோ தலையில் கை வைத்துக் கொண்டார்கள். அவ்வளவு கோளாறு! கம்பெனியார் மன்னிப்புக் கேட்டார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஸோனி தன் கடையிலிருந்தே அதை அகற்றிவிட்டது. பிற்காலத்தில் அதைச் செப்பனிட்டு நல்ல விளையாட்டாகவே ஆக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் முதல் வாரத்துப் புகழ் அந்தச் செப்பனிட்ட விளையாட்டுக்குக் கொடுத்ததல்லவே!

மதிப்பெண் விஷயமும் விசித்திரமானது. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு எழுபது வாங்கிய பையனைத் தட்டிக் கொடுக்கிறோம். விளையாட்டு உலகத்தில் எழுபது என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆகையால் சுமாரான சரக்குக்குக்கூட எண்பதுக்கு மேல் போட வேண்டியதாகிறது. இதில் பிறர் ஜீவனமும் கலந்திருக்கிறது. 2010-ல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற விளையாட்டைச் செய்த ஸ்தாபனத்துக்கு, விமர்சனங்களின் சராசரி 85 வந்தால் வெகுமதி என்று ஏற்பாடு. வந்ததோ 84! ஒரே ஓர் எண்ணில் வெகுமதி பறிபோயிற்று. எண்ணுக்கு இவ்வளவு பலம் இருக்குமானால், எழுதுகிறவன் கையும் சற்றே தாராளமாகத்தான் ஓடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் உயிர்த் தியாகம் செய்தார்கள். செப்டம்பர் 2-ந் தேதி 'பப்ஜி' உள்ளிட்ட 118 செயலிகளைச் சர்க்கார் தடை செய்தது. இரண்டு நாள் கழித்து, 'ஃபௌஜி' என்ற சுதேசி விளையாட்டு வரப் போவதாக நடிகர் அக்ஷய் குமார் அறிவித்தார். பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் முயற்சி. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு வீரர் குடும்ப நிதிக்கு என்றார்கள். பெயர் பதிந்தவர்கள் லட்சக்கணக்கானோர். 2021 குடியரசு தினத்தன்று விளையாட்டு வெளிவந்தது. ஆரம்பத்தில் நட்சத்திரங்கள் பொழிந்தன. சில தினங்களில் பொலபொலவென்று உதிர்ந்தன. பலர் கூடிப் போட்டியிடும் பகுதி அப்போது அதில் இல்லை. தனி ஆளாக நின்று கைகலக்கும் சண்டையே பெரும்பாலும் இருந்தது.

முதலில் பொழிந்த நட்சத்திரங்கள் யாருக்கு? விளையாட்டுக்கல்ல, தேசத்துக்கு. தேசபக்தி உயர்ந்ததுதான். ஆனால் கதர் என்பதற்காகக் கிழிசல் வேஷ்டியை நல்ல வேஷ்டி என்று சொன்னால், அடுத்த முறை நெய்கிறவன் எப்படித் திருந்துவான்? சுதேசித் தொழிலுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் உண்மையைச் சொல்வதே.

சொந்த வீட்டுப் பிள்ளையையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். கனடாவில் வாழும் தமிழர் உருவாக்கிய 'வெண்பா' 2023-ல் வந்தது. அந்நிய மண்ணில் குடியேறிய ஒரு தாய், அழிந்துபோன சமையல் குறிப்புகளைக் கொண்டு இட்டிலியும் புட்டும் செய்வதும், மகன் தமிழைவிட்டு விலகிப் போவதுமே கதை. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா பரிசு, முதற்படைப்புக்கென்று, இதற்குக் கிடைத்தது. கதை கண்ணீரை வரவழைக்கிறது. அந்தப் புகழ் தகும். ஆனால் விளையாட்டு என்ற முறையில், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சமையல் புதிர்களும் எளியவை. இதைச் சொல்வதால் தமிழுக்குத் துரோகம் ஒன்றுமில்லை. புகழ வேண்டிய இடத்தைச் சரியாகப் புகழ்ந்தால்தான் அந்தப் புகழுக்கு மதிப்பு.

பஸ் வர நேரமாயிற்று. நயினார்கோவிலுக்கு அப்பெயர் வந்த வரலாற்றைப் பையனுக்குச் சொன்னேன். வாய் பேசாத ஒரு முஸ்லிம் பெண் இந்தச் சந்நிதிக்கு வந்தபோது, "நயினாரே!" என்று வாய் திறந்து அழைத்தாளாம். அதுவே ஊருக்குப் பெயராக நிலைத்தது என்பது ஐதிகம். பிறர் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லவில்லை. தான் கண்டதைச் சொன்னாள்.

பையன் சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு செல்பேசியை எடுத்தான்.

"டேய், அந்த விளையாட்டை வாங்காதே. எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டுமானால் என்னுடையதை விளையாடிப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்" என்றான்.

அந்தச் சிநேகிதன் பணம் பிழைத்தது.