மடிக்கணினி மின்னேற்றி: பழுதும் மாற்றும்

மும்பை மாநகரில் தமிழர் பெருந்தொகையினராக வாழும் பகுதிகளுள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1887ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டு இப்போது மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரியும், செம்பூரில் 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விவேகானந்தர் கல்விக் கழகத்தின் பொறியியல் கல்லூரியும் இயங்கிவருகின்றன. மடிக்கணினியின்றி இன்று பொறியியல் கல்வி இல்லை. தாராவியின் ஓரறை வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு அக்கருவி பெரும்பாலும் குடும்பம் கடன்பட்டு வாங்கியதாகவே இருக்கும். அதனை முடக்குவது பல வேளைகளில் கணினியின் கோளாறு அன்று. அதற்கு மின்சாரம் ஊட்டும் மின்னேற்றியின் கோளாறே.

சார்ஜர் என்று வழங்கும் இச்சிறு பெட்டியின் பணி எளிதன்று. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அது முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்குகிறது. பின்னர் அதனை வினாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்துச் சிறியதொரு மின்மாற்றியின் வழியே செலுத்தி, 19 அல்லது 20 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. துண்டிப்பின் வேகம் மிகுதியாக இருப்பதனாலேயே மின்மாற்றி உள்ளங்கையில் அடங்கும் அளவினதாகிறது. 65 வாட் மின்னேற்றி ஒன்றின் முகப்புச் சீட்டில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

பழுதுகளில் முதலிடம் கம்பிவடத்துக்கே உரியது. பெட்டியை விட்டு வடம் வெளிப்படும் இடத்திலும், கணினியில் செருகும் முனையின் கழுத்திலும் அது ஓயாது மடிகிறது. உள்ளேயுள்ள மெல்லிய செப்பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. வடத்தை ஒரு கோணத்தில் பிடித்தால் மின்னேற்றம் நிகழ்வதும், விட்டால் நின்றுபோவதும் இதன் அடையாளம். பெட்டியிலுள்ள சிறு விளக்கு, முனையைச் செருகியவுடன் அணைந்துவிடுமாயின், வடத்திலோ கணினியிலோ குறுக்கு மின்சுற்று ஏற்பட்டிருத்தல் கூடும். இரண்டாவது காரணம் வெப்பம். உள்ளிருக்கும் மின்பகு மின்தேக்கிகளின் வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. காற்றோட்டமற்ற அறையில் மெத்தையின்மேல் கிடக்கும் மின்னேற்றி விரைவில் மூப்படைவது வியப்பன்று. மும்பையின் மழைக்கால ஈரமும் கடற்காற்றின் உப்பும் இணைப்புத் தகடுகளை அரிப்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணவேண்டும்.

பழுது எங்கே என அறிய மல்டிமீட்டர் ஒன்று போதும். உருளைமுனை மின்னேற்றியாயின் முனையின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே சீட்டில் கண்ட அளவு வோல்ட் காட்டவேண்டும். யு.எஸ்.பி. டைப்-சி வகைக்கு இச்சோதனை பொருந்தாது. அது கணினியுடன் இணைந்து, முதலில் 5 வோல்ட் தந்து, அளவு பேசி முடித்த பின்னரே உயர்ந்த வோல்ட்டைத் தரும். சில நிறுவனங்களின் உருளைமுனையில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. மின்னேற்றியின் திறனைக் கணினிக்கு அறிவிப்பது அதுவே. அந்த இணைப்பு மட்டும் அறுந்தால் கணினி இயங்கும், மின்கலம் ஏறாது. பயனாளர் மின்கலத்தைக் குறைகூறி வீண்செலவு செய்வதுண்டு.

வடப்பழுது திருத்தத்தக்கது. அறுந்த பகுதியை வெட்டி நீக்கி, சோல்டரிங் செய்து, வெப்பத்தால் சுருங்கும் குழாயிட்டு மூடுவது, அல்லது முனையுடன் கூடிய புதிய வடத்தையே பொருத்துவது என இருவழிகள் உள. உள்கம்பியும் அதனைச் சூழ்ந்த வலைக்கம்பியும் ஒன்றையொன்று தீண்டாமல் காத்தல் இன்றியமையாதது. வெறுமனே முறுக்கிப் பசைநாடா சுற்றும் வழக்கம் தீவிபத்துக்கு வித்தாகும். பெட்டிக்குள் எழும் பழுதோ வேறு தன்மையது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் உள்மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பயிற்சியில்லாதவர் அதனைத் திறத்தலாகாது. திறப்பதும் எளிதன்று: பல பெட்டிகளுக்குத் திருகாணி இல்லை, மீயொலியால் ஒட்டவைக்கப்பட்ட ஓட்டை உடைத்தே திறக்கவேண்டியுள்ளது. சிறிய மின்தேக்கி ஒன்றின் பழுதுக்காக முழுப்பெட்டியையும் எறியவைப்பது இந்த வடிவமைப்பே என்பதை அதிகாரிகள் கருதுதல் தகும்.

மாற்று வாங்குவோர் நான்கைப் பார்க்கவேண்டும்: வோல்ட் ஒத்திருத்தல், ஆம்பியர் பழையதற்குக் குறையாதிருத்தல், முனையின் அளவு, நேர் எதிர் முனைகளின் அமைப்பு. ஆம்பியர் மிகுந்திருத்தல் தீங்கன்று; கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே ஈர்க்கும். கிராண்ட் ரோடு அருகே லாமிங்டன் சாலைச் சந்தையில் மின்னேற்றிகள் பலவகையாய்க் குவிந்துள்ளன. தரமற்ற பெட்டியில் உயரழுத்தப் பகுதிக்கும் தாழழுத்தப் பகுதிக்கும் இடையே விடவேண்டிய சில மில்லிமீட்டர் இடைவெளி சுருக்கப்பட்டிருக்கும், உருகியும் இல்லாதிருக்கலாம். அவ்விடைவெளி தாண்டப்படின் 230 வோல்ட் கணினியின் உலோக உடலுக்கே வந்துவிடும். நில இணைப்பற்ற பழைய வீடுகளில் நல்ல மின்னேற்றியிலும் கைக்கு மெல்லிய கூச்சம் தெரிவதுண்டு. அது வடிகட்டி மின்தேக்கி வழியே கசியும் சிற்றளவு மின்னோட்டம். சுருக்கென்ற அதிர்ச்சியோ எனில் உடனே பிடுங்கிவிடவேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டம் 2012ஆம் ஆண்டு ஆணையால் பிறந்தது. கணினிக் கருவிகளுக்கான மின்னேற்றிகள் 2014ஆம் ஆண்டில் அதில் சேர்க்கப்பட்டன. சீட்டில் தர எண்ணும், ஆர் என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் இருத்தல்வேண்டும். அப்பதிவு எண்ணை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, எந்த உற்பத்தியாளருக்கு உரியது எனச் சரிபார்க்கலாம். முத்திரையை மட்டும் நம்புவது போதாது. முத்திரை அச்சிடுவது கடினமன்று.

ஒரே வகை முனை என்ற வழியும் திறந்துள்ளது. டைப்-சி முனைவழி 240 வாட் வரை செலுத்த 2021ஆம் ஆண்டின் விதிமுறை இடந்தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இம்முனையைக் கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் கட்டாயமென வரையறுத்தது. இம்முறையின் பல மின்னேற்றிகளில் வடம் தனி, பெட்டி தனி. அவற்றில் வடம் அறுந்தால் வடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

எஞ்சும் பழம்பெட்டியைக் குப்பையில் எறிதல் தவறு. செம்புக்காக வடத்தைக் கொளுத்துவோர் பி.வி.சி. உறையின் நச்சுப்புகையைத் தாமும் சுவாசித்து அண்டையாருக்கும் அளிக்கின்றனர். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சியாளர் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்கின்றன. பிளாஸ்டிக்கைத் தரம்பிரித்து மீட்கும் திறமை தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் நெடுங்காலமாக உள்ளது. அத்திறமையுடையோர் மின்கழிவையும் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சியும் பதிவும் பெற வழிசெய்வது நகராட்சியாலும் தொழிற்பயிற்சித் துறையாலும் இயலக்கூடியதே.