மாயாவியின் கையும் புதன்கிழமை இரவும்

சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது கொழும்பு வாசகனுக்கு அது எட்டாத பண்டம். அன்றைய சிறிமாவோ அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து சேர்ந்தால், அது இந்தியாவுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வந்ததாகத்தான் இருக்கும். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகே கடையில் போய்க் கேட்டு வாங்கும் காலம் வந்தது.

அப்படி வந்த ஒரு பிரதி ஓர் ஒழுங்கை முழுக்கச் சுற்றும். அட்டை கழன்று, மூலை மடிந்து, நடுத்தாளில் யாரோ தேநீர் சிந்திய கறையோடு கடைசி ஆளிடம் போகும். அவன் படித்து முடிப்பதற்குள் முதலாவது ஆள் கதையை மனப்பாடமாகச் சொல்வான். அபிப்பிராயம் அங்கேதான் பிறந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். “உடுப்பும் சேர்ந்து மறையுதெண்டால் கை மட்டும் ஏன் மறையேல்ல?” என்று ஒருவன் கேட்பான். “இரும்புக்குக் கரண்ட் பிடிக்காதோடா?” என்று இன்னொருவன் மடக்குவான். விஞ்ஞானப் பாடம் எடுக்கும் அண்ணன்மாரை நடுவர்களாகக் கூப்பிட்ட சண்டைகள் அவை. ஒரே இதழைப் பத்துத் தடவை படித்தவர்களின் சண்டை என்பதால் அதில் ஒரு படம்கூடத் தப்பாது.

1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு எத்தனை காமிக்ஸ் கட்டுகள் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. உயிரும் வீடும் போன இடத்தில் அதைக் கேட்கவும் முடியாது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1984 ஜூலையில், லயன் காமிக்ஸ் தொடங்கியது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே மாதம்தான். லயனின் ஆசிரியர் எஸ். விஜயன், முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்தரபாண்டியனின் மகன். அவர் கொண்டுவந்த ஸ்பைடர், அமெரிக்க ஸ்பைடர்மேனுக்குச் சொந்தமில்லாத ஆள். கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட குற்றச் சக்கரவர்த்தி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடுகிறவனாக மாறுகிறான். ரசிகர்கள் இன்றும் பாசத்தோடு ‘கூர்மண்டையர்’ என்கிறார்கள். திருடனாக இருந்தவனை வீரன் என்று ஏற்கலாமா என்பது அந்தக் காலத்துப் பெரிய வழக்கு. ‘காமிக்ஸ் டைம்’ பகுதியில் ஆசிரியர் வாசகரோடு நேரே பேசியதால், பதிலுக்குக் கடிதம் எழுதவும் ஆசை வரும். ஆனால் இங்கிருந்து எழுதினால் அது கடல் தாண்டிச் சிவகாசிக்குப் போக வேண்டும். அச்சில் வந்தாலும், அந்த இதழ் இங்கே வந்து சேரும்போது சண்டை வேறு கதைக்கு மாறியிருக்கும்.

அந்த அபிப்பிராயங்களில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து 1938இல் சூப்பர்மேனை உலகத்துக்குத் தந்த அதே சீகல்தான், அறுபதுகளில் லண்டன் வார இதழொன்றுக்காக ஸ்பைடரை எழுதினார். உலகத்தின் முதல் பெரிய சூப்பர்ஹீரோவைப் படைத்தவரின் கதையைத் தமிழில் கையில் வைத்துக்கொண்டே, அது தெரியாமல் வளர்ந்தது ஒரு தலைமுறை. எனக்கு அது இன்றைக்கும் மனசில் குத்துகிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் குறை கிடையாது. ஜம்பட்டா வீதியில் டியூஷன் முடிந்து வரும் பதினைந்து வயதுப் பையன் கதையாசிரியரின் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் நாயகனின் பெயரைச் சொல்கிறான். அமெரிக்காவில் புதிய இதழ்கள் புதன்கிழமைகளில் வெளியாகின்றன. அன்றிரவே கொழும்பில் போனில் அவை திறக்கப்படுகின்றன. அச்சுப் பிரதி இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. 4.99 டாலர் என்றால் ஏறக்குறைய 1,500 ரூபாய், அதற்கு மேல் தபாற்செலவு. 2022 பொருளாதார நெருக்கடி டாலரை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டதால், காசு கொடுக்காத வழிகளில் படிப்பவர்களே அதிகம். அது சரியல்ல என்று அவர்களுக்கும் தெரியும். 2015இல் கொழும்பில் லங்கா காமிக் கான் தொடங்கியபோது வேஷம் கட்டிக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆர்வம் எவ்வளவு பெரிது என்பது விளங்கியிருக்கும்.

இந்தப் பிள்ளைகளின் தீர்ப்பு கூர்மையானது. 2024 ஒக்டோபரில் ஸ்கொட் ஸ்னைடர் எழுத, நிக் டிரகோட்டா வரைந்து வெளிவந்த ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரூஸ் வேய்னுக்கு மாளிகை இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை. பள்ளிக்கூட ஆசிரியரின் மகன், தகப்பனை இழந்தவன், படித்துப் பொறியியலாளராகியவன். தாய் உயிரோடு இருக்கிறாள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இந்தக் கதை யாருக்குப் புரியாது? வாத்தியார் பிள்ளை, கணிதப் பிரிவு, மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கனவு எல்லாம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. “பணக்கார பட்மனை எனக்குப் பெரிசாப் பிடிக்காது. இவன் எங்கட ஆள்” என்று ஒரு மாணவி சொன்னதை, அந்த இதழைப் பற்றி ஆங்கிலத்தில் நான் வாசித்த எந்த விமர்சனத்தையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் அவள் அதைத் தமிழில் எழுத இடமில்லை. எழுதும்போது எல்லோரும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். படிப்பதற்கு முன்பே பத்துப் பேரின் அபிப்பிராயம் காதில் விழுந்துவிடுவதால், தன் கருத்தைத் தானே கண்டுபிடிக்கும் அவகாசமும் குறைந்துவிட்டது. ஓர் இதழைப் பத்துத் தடவை படிக்க யாருக்கு நேரம்? அடுத்த புதன் வந்துவிடுகிறது. சிவகாசியும் வேறு திசையில் போகிறது. 2012இல் புத்துயிர் பெற்ற லயன்-முத்து இன்று வண்ணத்தில், நல்ல தாளில் ஐரோப்பியக் கதைகளையே பெரும்பாலும் தருகிறது. ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்ற கணக்கில், அதுவும் இங்கே வசதியுள்ள நடுவயதுக்காரர்களின் பொருளாகிவிட்டது. மகனிடம் பேட்மேன், அப்பாவிடம் லயன்-முத்துவின் டெக்ஸ் வில்லர். இருவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்தும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942 முதல் இயங்குகிறது, நூலகமும் மண்டபமும் உண்டு, நூல் அறிமுகங்கள் அடிக்கடி நடக்கின்றன. மாதத்தில் ஒரு மாலையைச் சித்திரக்கதைக்கு ஒதுக்கினால் என்ன? பழைய ஸ்பைடர் இதழொன்றை அப்பாமார் கொண்டுவரட்டும், புதிய இதழைப் பிள்ளைகள் திரையில் போடட்டும். திருந்திய குற்றவாளியான கூர்மண்டையரா, காசில்லாத பேட்மேனா, யார் உண்மையான வீரன் என்பதை முதல் தலைப்பாக வைக்கலாம். பேசுகிறவர்கள் தமிழில் பேச வேண்டும், பேச வருமுன் இதழைக் குறைந்தது இரண்டு தடவையாவது படித்திருக்க வேண்டும்.