சிவநாமத்துக்கு அடங்கிய பிடிவாதம்

ஆண் மகவு வேண்டி அன்னை புவனேசுவரி தேவி கொல்கத்தாவில் நோன்பு நோற்றார். காசியில் வசித்த உறவினர் ஒருவர், அவருக்காக வீரேசுவரர் சந்நிதியில் வழிபட்டு வந்தார். 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தித் திருநாளில் குழந்தை பிறந்தது. அவனே நரேந்திரன், பின்னாளில் சுவாமி விவேகானந்தர்.

வரம் பெற்று வந்த பிள்ளைக்கோ அடங்காத பிடிவாதம். அவனைப் பார்த்துக்கொள்ள இரண்டு தாதியர் தேவைப்பட்டனர். மிரட்டலும் கெஞ்சலும் பலிக்கவில்லை. அன்னை அவன் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிச் சிவநாமம் சொல்வார், உடனே அடங்கிவிடுவான். ‘சிவனிடம் பிள்ளை கேட்டேன்; அவர் தம் பூதகணத்தில் ஒன்றை அனுப்பிவிட்டாரே!’ என்று அன்னை அலுத்துக்கொள்வாராம்.

தந்தை விசுவநாத தத்தர் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். மகனுக்குச் செல்லம் கொடுத்தவர். ஒருமுறை நரேந்திரன் தாயிடம் கடுஞ்சொல் பேசிவிட்டான். தந்தை அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. மகன் தாயை இன்னவாறு பேசினான் என்று அவனது அறைக் கதவில் கரியால் பெரிதாக எழுதி வைத்தார். வந்த நண்பர்கள் அனைவரும் அதைப் படித்தனர். பிரம்பு கற்பிக்காததை அந்த வெட்கம் கற்பித்தது.

அந்தத் தந்தையிடமும் ஒரு குறை இருந்தது. ஈட்டியதையெல்லாம் வாரி வழங்கினார். 1884-இல் அவர் திடீரென மறைந்தபோது கடனே எஞ்சியது. வீட்டில் பட்டினி. வேலை தேடி அலைந்த நரேந்திரரைத் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ‘அன்னை காளியிடமே கேள்’ என்று சந்நிதிக்கு அனுப்பினார். மூன்று முறை சென்றும் அவருக்குப் பொருள் கேட்க நா எழவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே வேண்டினார். சிறுவயதில் எவருக்கும் வளையாத உறுதி, வறுமைக்கும் வளையவில்லை.

எனினும், தாயின் துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. உலகப் புகழ் பெற்ற பின்னும், தாயின் பராமரிப்புக்காகக் கேத்ரி மன்னர் அஜித் சிங்கிடம் உதவி வேண்டினார். காளியிடம் பொருள் கேட்காதவர், தாய்க்காகக் கேட்டார். 1902-இல் மகன் மறைந்த பிறகும் அந்த அன்னை 1911 வரை வாழ்ந்தார்.

பேரப்பிள்ளையின் பிடிவாதம் கண்டு மனம் சலிக்கும் பெரியோர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். அந்த வீட்டில் எவரும் பிள்ளையின் உறுதியை முறிக்கவில்லை. அது தலைவணங்க வேண்டிய இடத்தை மட்டுமே காட்டினார்கள்.